கடைவீதிக்கு ஒரு பெஞ்சு, கொஞ்சம் தள்ளி

இவரை உங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாமல் இருக்கலாம் என்பதால் நானே ஒன்று வைத்திருக்கிறேன்: கொஞ்சந்தள்ளியார். ஊருக்கு எந்த நல்லது நடந்தாலும் முதல் ஆளாகக் கை தட்டுவார், முதல் ஆளாக டீயை எடுத்துக்கொள்வார், வந்த அதிகாரிக்குத் துண்டு போர்த்துவார், போட்டோவில் அதிகாரியைவிட அரை அடி முன்னால் நிற்பார். அத்தனையும் முடிந்த பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து, "எல்லாம் அருமைங்க. அதைக் கொஞ்சம் தள்ளி வெச்சா இன்னும் நல்லாருக்கும்" என்பார். எதிலிருந்து தள்ளி? அவர் வாசலிலிருந்து. அதை மட்டும் சொல்ல மாட்டார்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. பெரம்பலூரில் பார்த்திருக்கிறேன், அரியலூரில் பார்த்திருக்கிறேன், ஜெயங்கொண்டத்தில் எங்கள் கடைவீதியில் நடக்க வழியில்லாமல் நிறைந்திருக்கிறார்கள். பஸ் அவருக்காக நிற்க வேண்டும், ஆனால் பஸ் நிறுத்தம் அடுத்த கடை முன்னால் இருக்க வேண்டும். மரம் வேண்டும், நிழல் இவர் கடையில் விழ வேண்டும், இலை பக்கத்துக் கடையில் விழ வேண்டும். தெருவிளக்கு அவசியம்தான், திருட்டுப் பயம் இருக்கிறதே, ஆனால் விளக்குக்குப் பூச்சி வருமே? வேகத்தடை போட்டால் உயிர்கள் பிழைக்கும், ஆனால் ராத்திரி லாரி ஏறி இறங்குகிற சத்தத்தில் யார் தூங்குவது? இப்படி எல்லாவற்றுக்கும் அவரிடம் ஓர் 'ஆனால்' இருக்கும். அதற்கு முன்னால் 'நான் சுயநலத்துக்குச் சொல்லலை' என்பதும் தவறாமல் இருக்கும். அதைக் கேட்டதும் நீங்கள் உஷாராகிவிட வேண்டும்.

பொதுவாகப் பேசினால் யாருக்கும் உறைக்காது. எங்கள் தெருக் கதையையே சொல்கிறேன்.

எங்கள் கடைவீதியின் நடுவில், பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்த பிறகு, மூன்று மூலையாக ஒரு துண்டு இடம் மிஞ்சியது. சும்மா கிடந்த இடம் என்று நினைக்காதீர்கள், நம் ஊரில் இடம் எங்கே சும்மா கிடந்தது? எதிரே பாத்திரக்கடை வைத்திருக்கும் வைரக்கண்ணுவின் அண்டாக்களும் தவலைகளும் ஒவ்வொன்றாக ரோட்டைக் கடந்து அங்கே குடியேறிக்கொண்டிருந்தன. கல்யாண சீசனில் அந்த முக்கோணத்தைப் பார்த்தால் ஆயிரம் பேர் பந்திக்குச் சமையல் நடக்கப்போகிறது என்று தோன்றும்.

அந்த இடம் வேண்டும் என்று முதலில் கேட்டவர் சுந்தராம்பாள். என் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவர், தபால் ஆபீசில் கவுன்டரில் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவர். ஊரே அவர் முன்னால் வரிசையில் நின்றிருக்கிறது. அதனால் இன்றைக்கும் அவர் தெருவில் வந்தால் ஆட்கள் தங்களையறியாமல் ஒருவர் பின்னால் ஒருவராக நிற்பார்கள். முட்டியில் ஆபரேஷன் ஆனது. டாக்டர் தினம் நடக்கச் சொன்னார், பாதி வழியில் உட்காரவும் சொன்னார். தெருக்கோடியில் மார்க்கெட். நடுவில் உட்கார ஓர் இடம் இருந்தால் அவரே போய்க் காய் வாங்கிவிடுவார். இல்லாவிட்டால் மகன் கோகுலகிருஷ்ணன் வாங்கி வருவதைத்தான் தின்ன வேண்டும். அந்தப் பிள்ளைக்குக் கத்திரிக்காயில் சொத்தை எது என்று இன்னும் பிடிபடவில்லை. அந்த அம்மாளுக்கு வேண்டியிருந்தது ஒரு பெஞ்சு, தலைக்கு மேல் ஒரு மரம், குடிக்க ஒரு குழாய், அவ்வளவுதான். தன் காய்கறியைத் தானே பொறுக்குகிற சுதந்திரம் என்றும் சொல்லலாம்.

நகராட்சியிலிருந்து நர்மதா என்ற இளம் பொறியாளர் வந்தார். நல்ல பெண். 'மேலேயிருந்து திட்டம் போடுவதில்லை, தெருக்காரர்களே முடிவு செய்யுங்கள்' என்று சொல்லி, முக்கோணத்தில் எல்லாரையும் கூட்டி, கையில் ஆளுக்கொரு சாக்பீஸ் கொடுத்து, எது எங்கே வர வேண்டுமோ தரையில் வரையச் சொன்னார். எங்கள் ஆட்களைப் பற்றி அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

சுந்தராம்பாள் குனிய முடியாமல் நின்றபடியே கைத்தடியால் இடத்தைக் காட்ட, நான் பெஞ்சை வரைந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். வைரக்கண்ணுவின் கைதட்டல்தான் பலம். டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார்.

"அருமையான திட்டங்க. நான் சுயநலத்துக்குச் சொல்லலை. இங்க பெஞ்சு போட்டா வேலைவெட்டி இல்லாதவன்லாம் வந்து உக்காந்துடுவான்."

"உக்காரத்தானே சார் பெஞ்சு?" என்றார் நர்மதா.

"அதான் சொல்றேன். கொஞ்சம் தள்ளிப் போட்டா நல்லவங்களா உக்காருவாங்க."

கொஞ்சம் தள்ளினால் சாகுல் ஹமீதின் செருப்புக்கடை. லெப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். "மாஷா அல்லா, நல்ல காரியம்" என்று நெஞ்சில் கை வைத்தார். "துபாய்ல தெருவுக்குத் தெரு பெஞ்சுதான். நம்ம ஊரும் அப்படி ஆவணும். ஆனா நம்ம கடை வாசல்ல கஸ்டமர் வண்டி நிறுத்தணும் பாருங்க. துபாய்ல பார்க்கிங் தனியா இருக்கும். அதனால இன்னும் ஒரு பத்தடி..."

பத்தடி தள்ளினால் பிரேம்குமாரின் செல்போன் கடை. அவர் இருபத்தைந்து வயதுக்காரர், நாட்டை மாற்ற வேண்டும் என்று தினமும் ஸ்டேட்டஸ் வைப்பவர். "செம ஐடியா மேடம்" என்று ஆரம்பித்தபோதே எனக்குப் பெஞ்சின் கதி தெரிந்துவிட்டது. அங்கிருந்து மருந்துக்கடை, மருந்துக்கடையிலிருந்து ஜவுளிக்கடை என்று, எல்லாருடைய வாழ்த்தையும் வாங்கிக்கொண்டு, சாக்பீஸ் பெஞ்சு தெருவெல்லாம் ஊர்வலம் போய் மார்க்கெட் வாசலில், யார் வாசலும் இல்லாத மதிற்சுவர் ஓரத்தில் போய் நின்றது. மரம் வேண்டாம் என்றானது, மதில் இடியுமாம். குழாய் வேண்டாம் என்றானது, சேறாகுமாம்.

"மார்க்கெட்டுக்குப் போய்ச் சேந்தப்பறம் எனக்கு எதுக்குப்பா பெஞ்சு?" என்று கேட்டார் சுந்தராம்பாள். "முட்டி நடுவுலதானே வலிக்குது?"

எல்லாரும் அவர் சொன்னதை மிகவும் சரி என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டு, மார்க்கெட் வாசலுக்கே ஒருமனதாகக் கை தூக்கினார்கள். தெருக்காரர்கள் முடிவு தெருக்காரர்கள் முடிவுதான் என்று நர்மதா வாடிய முகத்தோடு போனார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். மறுநாளே அண்டாக்கள் பழையபடி முக்கோணத்துக்குத் திரும்பின.

பெஞ்சும் வந்தது. சிமென்ட் பெஞ்சு, மதிலைப் பார்த்தபடி. அதில் ஒரு நாய் படுத்தது.

சுந்தராம்பாள் நடையை விடவில்லை. டாக்டர் சொன்னபடி காலை வெயில் ஏறுமுன் கைத்தடியோடு புறப்பட்டார். முட்டி சொல்லிவைத்தாற்போல் பாதி வழியில், வைரக்கண்ணுவின் பாத்திரக்கடை வாசலில் மறுத்துவிட்டது. மனுஷர் அப்போதுதான் கடை திறந்து, வாசல் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி, கல்லாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முதல் போணிக்காகக் காத்திருந்தார். கடைவீதியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் போணி எப்பேர்ப்பட்ட விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலில் படியேறுகிறவர் ஒரு டம்ளராவது வாங்க வேண்டும். விலை கேட்டுவிட்டு வாங்காமல் இறங்கினால் அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடும் என்று வைரக்கண்ணு நம்புகிறார். அவர் அப்பா நம்பினார். கடையே அந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது.

அம்மாள் படியேறி, கல்லாப் பக்கத்தில் ஃபேனுக்குக் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாங்கம்மா, வாங்க. என்ன பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்லப்பா. முட்டி. அந்த இட்லிக் குண்டான் என்ன வெல?"

விலை சொன்னார். அம்மாள் குண்டானை வாங்கி மடியில் வைத்து, மூடியைத் திறந்து பார்த்து, விரலை மடக்கித் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"சத்தம் சரியில்லையேப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, எழுந்து மார்க்கெட்டுக்குப் போனார்.

அன்றைக்கு மத்தியானம் வரை பாத்திரக்கடையில் ஈ ஓட்டினார்கள். தற்செயல் என்று நான் சொல்வேன். வைரக்கண்ணு சொல்ல மாட்டார்.

மறுநாளும் அம்மாள் வந்தார். அதற்கடுத்த நாள் துணைக்குப் பாத்திமா பீவியையும் அழைத்துவந்தார். பாத்திமா பீவி சாகுல் ஹமீதின் தாயார், அவருக்கும் முட்டி வலி, ஆகவே செருப்புக்கடையிலிருந்து ஆதரவுக் குரல் வர வழியில்லை. இரண்டு பேரும் ஃபேன் காற்றில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து, ஆளுக்கொரு குறை சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். வயதான பெண்மணிகள், அதிலும் ஊருக்கே தபால்தலை கொடுத்தவர், அவரைப் போய் 'கடையில் உட்காராதீர்கள்' என்று எந்த வாயால் சொல்வது? போணி ஆகிற வரைக்கும் உட்காராதீர்கள் என்றால் அது இன்னும் அசிங்கம்.

வைரக்கண்ணு ஒரு வழி கண்டுபிடித்தார். தன் மனைவி உண்ணாமலையை விடியற்காலையிலேயே கடைக்கு வரவழைத்து, காசு கொடுத்து ஒரு கரண்டி வாங்க வைத்தார். போணி ஆயிற்று, இனி யார் வந்தால் என்ன? தினமும் ஒரு கரண்டி. உண்ணாமலையும் பொறுத்துப் பார்த்தார். கொஞ்ச நாளில் அவர் குரல் எங்கள் கடை வரை கேட்டது.

"வூடு பூரா கரண்டிங்க! ரசத்துக்கு ஒண்ணு, கொழம்புக்கு ஒண்ணு, மிச்சத்த வெச்சு என்ன பண்றது, வாசல்ல தோரணம் கட்டறதா? பேசாம அந்தப் பெஞ்சத் தூக்கியாந்து இங்க போட்டுத் தொலைங்க!"

அன்றைக்கே வைரக்கண்ணு நகராட்சிக்குப் போய் நின்றார். "அம்மாவோட முட்டிய நெனச்சா எனக்குச் சோறு எறங்கலீங்க" என்றாராம். இது நர்மதா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லும்போது அந்தப் பெண்ணால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுபடி கூட்டம், மறுபடி சாக்பீஸ், மறுபடி டீ. இந்தத் தடவை வைரக்கண்ணு டீ வருமுன்பே எழுந்து, முக்கோணத்தின் நடுவில் தன் கையாலேயே ஒரு பெஞ்சை வரைந்துவிட்டு, சுந்தராம்பாளைப் பெருமையோடு பார்த்தார். அம்மாள் தலையை ஆட்டினார். பக்கவாட்டில்.

"வேணாம்ப்பா. ஒங் கடை நாற்காலியே வசதியா இருக்கு. ஃபேன் இருக்கு. இந்த வெட்ட வெயில்ல யாரு உக்காருவா?"

வைரக்கண்ணுவுக்கு முகம் வெளிறிவிட்டது. "மரம் வெப்போம்மா! புங்க மரம், சீக்கிரம் வளரும். அது வளர்ற வரைக்கும் என் செலவுல மேல கீத்துப் போட்டுடறேன்!"

"தாகம் எடுக்குமே."

"குழாய்! மேடம், குழாய் எழுதிக்கோங்க!"

"சேறாவும்னு சொன்னாங்களே" என்று பாத்திமா பீவி எடுத்துக்கொடுத்தார்.

"எப்படிங்க சேறாவும்? சிமென்ட் போட்டா எதுக்குச் சேறாவுது?" என்று தன் பழைய கட்சிக்காரர்கள் மேலேயே பாய்ந்தார். சாகுல் ஹமீது இலை விழுவதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார், தாயார் திரும்பிப் பார்த்தார், அவர் துபாயில் இலை எப்படி அள்ளுவார்கள் என்பதோடு முடித்துக்கொண்டார். பிரேம்குமார் வீடியோ எடுத்தார்.

"அப்ப அண்டாவெல்லாம்?" என்று கேட்டார் சுந்தராம்பாள், கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்த காலத்துக் குரலில்.

வைரக்கண்ணு தம் அண்டாக்களைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார், ஆட்களைக் கூப்பிட்டு உள்ளே எடுத்துவைக்கச் சொன்னார். அவர் கண்ணில் தண்ணீர் வந்ததாக ஒரு கட்சி, ஊதுபத்திப் புகை என்று இன்னொரு கட்சி.

இப்போது பெஞ்சு இருக்கிறது, கீற்று இருக்கிறது, குழாய் இருக்கிறது, இடுப்பளவுக்குப் புங்கங்கன்று வளர்ந்திருக்கிறது. மீன்சுருட்டி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் உட்காருகிறார்கள், சீர்ப் பாத்திரம் வாங்க வருகிற பெண்கள் உட்கார்ந்து நிதானமாக யோசித்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய் நிறையவே வாங்குகிறார்கள். காலையில் சுந்தராம்பாள் கை நிறையக் கத்திரிக்காயோடு அங்கே இளைப்பாறுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருக்கிறது. ஒன்றில்கூட சொத்தை கிடையாது.

திறப்பு விழாவில் முதலில் பேசியது யார் என்று நினைக்கிறீர்கள்? வைரக்கண்ணுவேதான். "நான் ஆரம்பத்துலேருந்தே இந்த எடத்தத்தான் சொன்னேன்" என்றார். மேடைக்குக் கீழே நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். அவரும் சேர்ந்து தட்டினார்.

நீங்களும் இவ்வளவு நேரம் சிரித்திருப்பீர்கள். எதிர்வீட்டுக்காரர் முகமோ சம்பந்தியின் முகமோ நினைவுக்கு வந்திருக்கும், இதை அவரிடம் படிக்கக் கொடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கும். தாராளமாகக் கொடுங்கள். அதற்கு முன் ஒரு தடவை வாசலுக்குப் போய், உங்கள் தெருக் குப்பைத்தொட்டி யார் வீட்டெதிரே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டெதிரே இல்லை அல்லவா? தொட்டிக்குக் கால் கிடையாது.