சான்றளிக்கப்பட்ட கிளட்ச்

ஒரு காரியம் நடந்தது என்பதற்கும், நடந்ததாகச் சான்று இருக்கிறது என்பதற்கும் இடையே உள்ள தூரத்தைக் கடக்க மனித குலம் பல நூற்றாண்டுகளாகத் திண்டாடி வருகிறது. அதைக் கடந்துவிட்ட ஒரே இடம் எங்கள் வேளாண் இயந்திர வாடகை நிலையம்தான். இங்கே காரியம் நடக்காமல் போகலாம். சான்று இல்லாமல் போகாது. இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. நிலைய மேலாளர் என்ற முறையில் கடமையாகச் சொல்கிறேன்.

இந்த உன்னத நிலைக்குக் காரணம் சுற்றறிக்கை எண் பதினான்கு. எழுதியவன் அடியேன். "மாற்றப்படும் ஒவ்வொரு பாகமும், பொருத்தப்பட்ட நிலையிலேயே, அதன் எண் தெரியும்படி படம் பிடிக்கப்பட வேண்டும். படத்தில் உள்ளபடியே வண்டியிலும் இருக்க வேண்டும்." முன்பொரு முறை புது பேட்டரியைப் படம் பிடித்துவிட்டு, பழையதையே திரும்ப மாட்டிய மகானுபாவர் ஒருவர் எங்களிடம் இருந்தார். அந்தக் கடைசி வாக்கியம் அவர் நினைவாக எழுதப்பட்டது.

நிலையத்துக்கு ஒரே டிராக்டர், ஒரே ஓட்டுநர். இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார். எதிலும் அவசரப்படாதவர் என்பதால் 'நிதானம்' என்று பெயர் வைத்திருந்தோம். விடுப்புப் படிவத்தைக்கூட அச்சகத்தின் பெயர் வரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். பின்னால் நிற்பவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சென்ற மாதம் கிளட்ச் தேய்ந்துபோனது. புதுத் தட்டு வந்தது. மெக்கானிக் வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்து வைத்துவிட்டு, தட்டைக் கையில் ஏந்தியபடி என்னிடம் வந்தார்.

"சார், நம்பர் இருக்கிற பக்கம் உள்ள, இஞ்சினப் பாத்து போயிடும். மாட்டினப்புறம் வெளிய தெரியாது."

"தெரியலன்னா படம் எப்படி எடுக்கறது?"

"மாட்டறதுக்கு முன்னாடி எடுத்துக்கலாம் சார்."

"பொருத்தப்பட்ட நிலையிலேயே."

"அப்ப திருப்பி வச்சு ஒரு படம் எடுத்துட்டு, அப்புறமா சரியா மாட்டிடறேன்."

"படத்துல ஒரு மாதிரி, வண்டியில ஒரு மாதிரியா? அதுக்குப் பேரு மோசடி. தட்ட இப்படித்தான் மாட்டணும்னு எங்க எழுதியிருக்கு? எழுத்துல காட்டுங்க, நான் ஒத்துக்கறேன்."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "எழுத்துல எல்லாம் தெரியாது சார். கைப்பழக்கம்."

கைப்பழக்கத்துக்குக் கோப்பு எண் கிடையாது. ஆகவே தட்டு எண் வெளியே தெரியும்படி மாட்டப்பட்டது, படம் எடுக்கப்பட்டது. என்ன படம் அது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அதன் கீழே "மேற்கண்ட படத்தைப் படித்துப் பார்த்துச் சரி எனச் சான்றளிக்கிறோம்" என்ற அச்சிட்ட வரி. அதற்குக் கீழே நான், இஞ்சினியர், மெக்கானிக், ஸ்டோர் கீப்பர், தட்டச்சர் என ஐந்து கையெழுத்து. மேலே 'பணி நிறைவுற்றது' என்று முத்திரை. தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு என் அறைச் சுவரில் மாட்டினேன்.

மறுநாள் காலை நிதானம் வந்து நின்றார்.

"சார், கிளட்ச் விடல."

"விடலன்னா?"

"பெடல அடி வரைக்கும் மிதிச்சாலும் இஞ்சினும் கியர் பாக்ஸும் பிரிய மாட்டேங்குது. கியர் விழல, கர்ருன்னு கத்துது. மழ பேஞ்சு நெலம் பதமா இருக்கு, ஜனங்க உழவுக்குக் காத்துட்டு இருக்காங்க."

"புது கிளட்ச் எப்படிங்க விடாம இருக்கும்? சான்று இருக்கே."

இருந்தாலும் நாங்கள் ஒன்றும் கல்நெஞ்சர்கள் அல்ல. அன்றே 'உயர்நிலைக் கோளாறறி குழு' கூடியது. இஞ்சினியர் தன் டேப்லட்டில் கட்டம் கட்டமாக ஒரு படம் வைத்திருந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேள்வி. பதிலைப் பொறுத்து அடுத்த கட்டம். பார்க்கவே பரவசமாக இருந்தது.

"பெடல் ஆட்டம் அளவா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு," என்றார் மெக்கானிக்.

"இழுவைக் கம்பி வளைஞ்சிருக்கா?"

"இல்ல."

"பேரிங் நகருதா?"

"நகருது."

"தட்டு பக்கம் மாறி மாட்டப்பட்டிருக்கா?"

மெக்கானிக்குத் திடீரென்று இருமல் வந்தது. நான் கோப்பைப் புரட்டி, "சரி எனச் சான்றளிக்கப்பட்டுள்ளது" என்று வாசித்தேன்.

"ஒரு தடவ பிரிச்சுப் பாத்துட்டா..." என்று மெக்கானிக் இழுத்தார்.

"எதைப் பிரிக்கணும்? முடிஞ்சுபோன கோப்பையா?" என்றேன். அவருக்கு இருமல் நின்றுவிட்டது.

மிச்சம் இருந்தது கடைசிக் கட்டம் ஒன்றுதான். 'ஓட்டுநர் மிதிக்கும் விதத்தைச் சரிபார்க்கவும்.' அறையில் இருந்த பத்துக் கண்களும் ஒருசேர நிதானத்தின் இடது காலைப் பார்த்தன. அவரும் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"இருபத்திரெண்டு வருஷமா இதே காலுதான் சார்," என்றார்.

"அதான் தேஞ்சிருக்கும்," என்றார் இஞ்சினியர்.

மருத்துவரிடம் அனுப்பினோம். அவர் முழங்கால் முதல் கட்டைவிரல் வரை தட்டிப் பார்த்து, 'இடது கால் நன்றாக உள்ளது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். குழு மீண்டும் கூடி ஆராய்ந்தது. கால் மருத்துவமனையில் நன்றாக இருந்தது. டிராக்டரில் நன்றாக இருந்ததா என்பதற்கு அந்தச் சீட்டில் பதில் இல்லை. ஆகவே தகுதியுள்ள ஒரு காலை வைத்து நேரடிச் சோதனை நடத்தத் தீர்மானம் ஆயிற்று. நிலையத்திலேயே மிகவும் பொறுப்பு வாய்ந்த கால் என்னுடையது.

ஏறி உட்கார்ந்தேன். ஓடும் இஞ்சினில் கியர் விழவில்லை என்பதுதானே புகார்? இஞ்சினை நிறுத்திவிட்டுக் கியரைப் போட்டேன், சமர்த்தாக விழுந்தது. பெடலை அடி வரை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன்.

"வேணாம் சார், பாஞ்சுரும்," என்று நிதானம் ஓடி வந்தார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன்.

வண்டி பாய்ந்தது. இடது கால் போதாதோ என்று வலது காலையும் கிளட்சிலேயே வைத்து அழுத்தியதில், பிரேக்குக்கு மூன்றாவது கால் கிடைக்கவில்லை. சுவர் ஒன்று குறுக்கே வந்தது. அதைத் தாண்டி என் நாற்காலி. கோப்பு அலமாரியில் மூக்கை வைத்து, இஞ்சின் தானாகவே நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. பாராட்டுக் கடிதத்தின் கண்ணாடிதான் நொறுங்கிப்போனது.

நடவடிக்கைக் குறிப்பில் 'சோதனையின்போது மேலாளர் அறைக்குக் கூடுதல் வாசல் அமைந்தது' என்று தட்டச்சர் அழகாக எழுதினார். ஆனால் வாசலுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டுமே. பல்லாண்டு காலத் தவறான மிதியினால் வண்டிக்குக் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று குழு கண்டறிந்தது. 'இடது கால் குறைபாடு காரணமாக' ஓட்டுநரை விடுவிக்கும் ஆணை தயாரானது. ஆதாரமாக அந்தப் படத்தையும் பின்னால் இணைத்தோம்.

புது வாசல் வழியாகவே நிதானத்தை உள்ளே வரச் சொன்னேன்.

"எனக்கு வேற வேல தெரியாது சார்," என்றார்.

"கையெழுத்துப் போடுங்க."

கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஆணையை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். தட்டச்சர் பெருமூச்சு விட்டார். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கம் முடிந்தது. பின்னால் இருந்த படத்துக்கு வந்தார். அதையும் படித்தார். படத்தில் படிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சல் வந்தது.

"சார், இந்த நம்பருக்குக் கீழ பொடியா ஒண்ணு எழுதியிருக்கு," என்றார்.

"என்னவாம்?"

"'இந்தப் பக்கம் இஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும்.'"

ஓட்டை வழியாகக் காற்று வந்து கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் தரையைப் பார்த்தார். 'எழுத்துல காட்டுங்க' என்று நான் கேட்டது எனக்கே நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது, ஒளிக்க விரும்பவில்லை.

நிதானம் விரலை மெதுவாகக் கீழே நகர்த்தினார். "படிச்சுப் பாத்தோம்னு அஞ்சு பேரு போட்டிருக்கீங்க. ஆறாவதா நானும் போடணுமா சார்?"

அவர் குரலில் கோபமே இல்லை. கேள்வியாகத்தான் கேட்டார்.

அன்றைக்கே வண்டியைப் பிரித்தோம். தட்டைத் திருப்பி மாட்டினோம். நிதானம் ஏறி உட்கார்ந்து, தேய்ந்துபோன அதே இடது காலால் மிதித்தார். கியர் சத்தமில்லாமல் விழுந்தது. வண்டியை முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து நிறுத்தினார். நாங்கள் ஐந்து பேரும் கைதட்டினோம். இஞ்சினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

தவற்றை உணர்ந்தால் உடனே திருத்திக்கொள்வதுதான் எங்கள் நிலையத்தின் சிறப்பு. சுற்றறிக்கை எண் பதினைந்து அன்று மாலையே வெளியானது: இனிமேல் படங்களில் எண்ணைத் தவிர வேறு எழுத்து எதுவும் தெரியக் கூடாது. ஐந்து பேரும் படித்துப் பார்த்ததாகக் கையெழுத்திட்டோம்.

நிதானத்தின் ஆணையையும் அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. மருத்துவரே நன்றாக இருக்கிறது என்று சொன்ன காலின் மேல் பழி போடுவது தர்மம் அல்ல. ஆகவே 'இடது கால்' என்பதை என் கையாலேயே அடித்துவிட்டு, 'கண்கள்' என்று எழுதினேன்.