அழிக்க முடியாத டிராகனும் நானும்

இந்த வருஷம் எக்ஸாஸ்ட் ஃபேனைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். சாகும்வரை தொடுவதில்லை என்றுதான் முதலில் எடுத்தேன். என் மனைவி சிஸுருவின் முகம் ஞாபகம் வந்ததும், இந்த வருஷம் மட்டும் என்று குறைத்துக்கொண்டேன்.

டிசம்பர் வந்தால் ஜப்பானில், எங்கள் ஹிமேஜி ஊரில், வீட்டுக்கு வீடு வருஷக் கடைசிப் பெருந்துடைப்பு. எங்கள் வீட்டில் அது மூன்றாம் ஞாயிறு. கடைத்தெருக் கார்டு கடையில் ஆண்டுப் போட்டியும் அதே ஞாயிறு. பதினோரு வருஷமாக டிராகன், மந்திரவாதி என்று மோதவிட்டு ஆடும் கார்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு வருஷம்கூடப் போட்டிக்குப் போனதில்லை. அந்த நேரத்தில் சமையலறையில் ஸ்டூல் மேல் ஏறி, எக்ஸாஸ்ட் ஃபேனின் எண்ணெய்ப் பிசுக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன்.

இந்தத் தடவை மூளையைப் பயன்படுத்தினேன்.

"சிஸுரு, வீட்டு வேலையைக் கார்டு ஆடிப் பிரிச்சுக்கலாமா? யார் கையில எந்த வேலைக் கார்டு மிஞ்சுதோ, அவங்க அதைச் செய்யணும். கார்டெல்லாம் நானே பண்றேன்."

"உங்களுக்குப் படம் போட வராதே."

உண்மைதான். நான் போட்ட டிராகன், மிதிபட்ட மோச்சி அரிசிமாவு உருண்டை மாதிரி இருந்தது.

"நான் போட்டுத் தரேன்," என்றாள். "கூலியா ஒரு கார்டுக்கு மட்டும் விதி நான் எழுதிக்கிறேன்."

"ஒண்ணு என்ன, மூணு எழுதிக்கோ!"

"வேண்டாங்க. ஒண்ணு போதும்."

எவ்வளவு அடக்கமான பெண்! அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

பத்து நாள், அடியில் ஹீட்டர் வைத்த சூட்டு மேசையின் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு வண்ணம் தீட்டினோம். நான் குருவானேன்.

"ஏங்க, இந்த டிராகன் என்ன பண்ணும்?"

"மேசைல இறங்கிட்டா, வச்சிருக்கிறவருக்கு வீட்டு வேலையே கிடையாது. எங்க வேணா போகலாம்."

"நான் அதை அழிச்சுட்டா?"

"முடியாது. எழுதியிருக்கேன் பாரு."

"உங்க கைக்கே திருப்பி அனுப்பிட்டா?"

"அதுவும் முடியாது."

"எங்கம்மா வந்து சொன்னா?"

"உங்கம்மாவுக்குன்னே தனியா ஒரு வரி போட்டிருக்கேன்."

"ஒரு கார்டு முடியும்னுது, இன்னொண்ணு முடியாதுன்னுது. எதுங்க ஜெயிக்கும்?"

"எப்பவும் முடியாதுதான் ஜெயிக்கும். கார்டு உலகத்துல அதான் முதல் பாடம்."

"அடேங்கப்பா! எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க!"

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் முதல் பாராட்டு. உருகிவிட்டேன். நகராட்சி அலுவலகத்தில், படிவத்தின் கடைசி வரியைக் காட்டியே ஜனங்களைத் திருப்பி அனுப்பும் உத்தியோகம் அவளுக்கு. அது சுத்தமாக மறந்துபோய்விட்டது.

ஞாயிறு காலை பக்கத்து வீட்டு ஒதாஜிமா பையோடு வந்து நின்றார். அந்தக் கடைப் போட்டிக்கு அவர்தான் நடுவர். சேர்ந்து போவதாக ஏற்பாடு.

"ரெண்டே நிமிஷம் சார்," என்று உட்கார்ந்தேன். டிராகனை இறக்கினேன். ஜாக்கெட்டை எடுத்தேன்.

"இருங்க, என் முறை பாக்கி இருக்கு," என்று சிஸுரு தன் ஒரே கார்டை வைத்தாள். ரயிலில் ஒருவர் எழுந்து இன்னொருவருக்கு இடம் விடுகிற படம். கீழே குண்டு குண்டாக எழுதியிருந்தாள்: 'மேசையில் உள்ள ஒரு கார்டு இருந்த இடத்திலேயே இருக்கும். வைத்திருப்பவர் மட்டும் மாறுவார்.'

டிராகனை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அய்யய்யோ! அதை ஒண்ணும் பண்ண முடியாதும்மா!"

"நான் என்னங்க பண்ணினேன்? அழிக்கல. திருப்பி அனுப்பல. அது பாட்டுக்கு அங்கேயே இருக்கு."

"சார், நீங்களே நியாயம் சொல்லுங்க!"

ஒதாஜிமா கண்ணாடியை மாட்டி, இரண்டு கார்டையும் இரண்டு தரம் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "மினெவோ, எல்லாத்தையும் தடுத்திருக்கே. கை மாறுறதைத் தடுக்கலையேப்பா."

"அப்ப என் டிராகனை நானே அழிச்சுடறேன்!"

"முடியாது," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

என் கையில் மிச்சம் இருந்தவை மூன்று வேலைக் கார்டுகள்: கழிவறை, ஜன்னல், எக்ஸாஸ்ட் ஃபேன்.

"எங்க வேணா போகலாம், அப்படித்தானே எழுதியிருக்கீங்க?" சிஸுரு என் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். "உங்க போட்டிக் கார்டுக் கட்டைக் கொடுங்க."

"உனக்கு ஆடத் தெரியுமா?"

"பத்து நாளா நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

சாயங்காலம் நான் ஸ்டூல் மேல் இருந்தபோது கதவு படாரென்று திறந்தது. குளிரில் மூக்கெல்லாம் சிவந்து, சின்னப் பிள்ளை மாதிரி குதித்துக்கொண்டு வந்தாள். கையில் சுடச்சுட, மீன் வடிவ அச்சில் வார்த்த இனிப்புப் பணியாரம்.

"ஏங்க! அஞ்சு ஆட்டம் ஜெயிச்சேன்! உங்க மந்திரவாதி என்னமா அடிச்சான் தெரியுமா!"

கோபமாக இருக்கத்தான் முயன்றேன். முடியவில்லை. என் மந்திரவாதி ஐந்து ஆட்டம்! ஸ்டூலிலிருந்து இறங்கி, சோப்புக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன்.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னு எல்லாரும் கேட்டாங்க."

"என்ன சொன்னே?" நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்தது.

"எங்க வீட்டுக்காரர்கிட்டன்னேன். அவர் ஏன் வரலைன்னாங்க. எக்ஸாஸ்ட் ஃபேன்னா அவருக்கு உசுரு, விட்டுட்டு வரமாட்டார்னு சொல்லிட்டேன்."

அடுத்த ஞாயிறு கோபே நகரத்தில் இறுதிச் சுற்று. சிஸுரு போகிறாள். டிராகன் இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. மேசையைத் துடைக்கும்போது அதைச் சுற்றித்தான் துடைக்கிறேன்.