மணி அடிக்காத வண்டி

இந்த ஒரு விஷயத்திலாவது மனைவியிடம் யோசனை கேட்பதில்லை என்று உறுதியாக முடிவு செய்தேன். முடிவு சரிதானா என்று அவளிடமே ஒரு தடவை கேட்டுக்கொண்டேன்.

"ரொம்பச் சரி. எந்த விஷயம்?" என்றாள்.

"அதைச் சொன்னா நீ யோசனை சொல்லிடுவே."

"அப்பச் சொல்லாதீங்க. ஸ்ட்ராப்பை மாட்டிட்டுக் கிளம்புங்க."

ஹெல்மெட் ஸ்ட்ராப்பைத்தான் சொல்கிறாள். தினமும் காலையில் வாசலில் நிற்பாள். என் தாடைக்குக் கீழே அது 'டக்' என்று மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே போவாள். நானும் ஒழுங்காக மாட்டுவேன். தெருமுனை திரும்பியதும் கழற்றிவிடுவேன்.

காரணம், என் காலர். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இஸ்திரி போட்ட காலரோடு வேலைக்குப் போகிற முதல் ஆளும் நான். அந்த ஸ்ட்ராப் காலரை ஒரு பக்கமாக மடக்கிவிடும். மண்டை உடைந்தால் தையல் போட்டுக்கொள்ளலாம். காலர் மடங்கினால் மேனேஜர் என்ன நினைப்பார்? படித்தவனுக்கு இந்தச் சின்னத் தந்திரம்கூடத் தெரியாவிட்டால் பட்டம் எதற்கு என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

வேலை, சொகுசு எஸ்யூவி விற்கும் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில். விற்ற வண்டியில் ஏதோ குறை இருப்பது பிறகு தெரிந்தால், கம்பெனியே கூப்பிட்டு இலவசமாகச் சரிசெய்து கொடுக்கும். அதற்கு ரீகால் என்று பெயர். கூப்பிடுகிற வாய் என்னுடையது. "இலவசமா" என்று ஆரம்பித்ததுமே பாதிப் பேர் என்னைத் திருடன் என்று நினைத்து போனை வைத்துவிடுவார்கள். மீதிப் பேரும் திருடன் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் பொழுது போகாததால் பேசுவார்கள்.

இந்தத் தடவை ரீகால் சீட் பெல்ட்டுக்கு. டிரைவர் பெல்ட் போடாமல் ஓட்டினால் வண்டி 'டிங் டிங்' என்று மணியடிக்க வேண்டும். சில வண்டிகள் வாயே திறக்கவில்லை. என் பங்குக்கு வந்த வண்டிகளை எல்லாம் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்துவிட்டேன். ஒன்றே ஒன்று பாக்கி. அதுவும் மாதக் கடைசிக்குள் வந்தால் என்னைப் பர்மனென்ட் ஆக்குவதாக மேனேஜர் சொன்னார். வராவிட்டால் "பார்க்கலாம்" என்றார். மேனேஜர் பார்க்கலாம் என்றால் நம்மைப் பார்க்கப்போவதில்லை என்று அர்த்தம்.

அந்த ஒரு வண்டி எங்கே நின்றது தெரியுமா? எங்கள் வீட்டு வாசலில். மாடி வீட்டுக்காரருடையது. டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். நாங்கள் குடியிருக்கும் கீழ்வீட்டுக்கும் அவர்தான் சொந்தக்காரர். முன்பு ரிவர்ஸ் கேமராவுக்காக ஒரு ரீகால் வந்தபோது, நான் கூப்பிடும் முன்பே வந்து நின்ற மனிதர். இந்தத் தடவை போனையே எடுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். என் தலைக்கு மேலே அது அடிப்பது எனக்கே கேட்டது.

நேரில் பேசுவதற்கு ஒரு பிரசங்கம் தயார் செய்தேன். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் தெரிந்தவன் உடனே வண்டியைக் கொண்டுவர ஒப்புக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்க வண்டியில மணி அடிக்கலை."

"தெரியும் தம்பி. அதனாலதான் இதை எனக்குப் பிடிச்சிருக்கு."

"பெல்ட் போடாட்டி அது எச்சரிக்கணும் சார்."

"வீட்ல அவ எச்சரிக்கிறா. ஆஸ்பத்திரியில டாக்டர் எச்சரிக்கிறார். கடையில கணக்கு எழுதுறவர் எச்சரிக்கிறார். ஒரு வார்த்தை பேசாம என்கூட வர்றது இது ஒண்ணுதான். இதுக்கும் நாக்கு ஒட்டவைக்கப் பாக்குறியா?"

நான் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டபடி பக்கக் கண்ணாடியைத் துடைத்தார். முடிந்ததும் துணியைப் பிழிந்தார்.

"இவ்வளவு சொல்றியே, தெருமுனையில உன் ஸ்ட்ராப்பை என்ன பண்றே?"

நான் காலரை நீவிவிட்டுக்கொண்டேன்.

"தினமும் உன் பின்னாடிதானே வர்றேன். நீ ஸ்ட்ராப்பைக் கழட்டுற இடத்துலதான் நானும் பெல்ட்டைக் கழட்டுறேன்." குரலைத் தாழ்த்தினார். "உன் விஷயத்தை உன் வீட்ல நான் சொல்லலை. என் விஷயத்தை என் வீட்ல நீ சொல்லாதே. மணியை மறந்துடு."

நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சும்மா இருப்பது பொய்யில் சேராது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

"மாடி வண்டி வர மாட்டேங்குதா?" என்றாள் மனைவி.

"உனக்கு யார் சொன்னா?"

"மேல போன் அடிக்குது. கீழ நீங்க 'எடுங்க சார், எடுங்க சார்'னு சுவரைப் பார்த்துக் கும்பிடுறீங்க. அப்புறம் கண்ணாடிக்கு சீட் பெல்ட் பாடம் நடத்துறீங்க. இதுக்கு ஆள் வந்து வேற சொல்லணுமா?"

"அது ஆபீஸ் விஷயம்."

"மாடி அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

"வேண்டவே வேண்டாம்."

"ஏன்?"

நேர்மையானவனைக் கொல்ல இந்த ஒரு சொல் போதும். "அவருக்கும் எனக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கு."

"என்ன ஒப்பந்தம்?"

"அதைச் சொல்லக்கூடாதுங்கிறதுதான் ஒப்பந்தம்."

"சரி," என்று தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் சர்வீஸ் சென்டருக்குள் அந்த வண்டி தானாகவே நுழைந்தது. ஓட்டி வந்தவர் மாடி வீட்டுக்காரர். மார்பின் குறுக்கே பெல்ட். பக்கத்தில் அவர் மனைவி, எங்களுக்கு மாடி அக்கா.

"தம்பி, அந்த மணி நல்லாக் கேட்குமா?"

"நல்லாவே கேட்கும்க்கா."

"சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்ட முடியுமா?"

"கம்பெனி வச்ச அளவுதான்க்கா. கூட்ட முடியாது."

"பரவாயில்லை. மீதியை நான் பாத்துக்கறேன்."

மாடி வீட்டுக்காரர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "சொல்லிட்டியா?"

"சத்தியமா இல்லை சார். நீங்க?"

"நான் எதுக்குச் சொல்றேன்?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் நம்பாமல் பார்த்துக்கொண்டோம்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. மாடி வீட்டுக்காரர் பெல்ட் போடாமல் வண்டியை நகர்த்திப் பார்த்தார். 'டிங் டிங்' என்று பட்டறை முழுக்கக் கேட்டது. அக்கா கண்ணை மூடி ரசித்தார். வீட்டுக்காரர் பெல்ட்டை மாட்டினார்.

மாலையில் மேனேஜர் என் கையைக் குலுக்கி, பர்மனென்ட் என்றார். அம்மாவுக்கு போன் செய்தேன். "இனிமே உன்னை யாரும் வேலையை விட்டு அனுப்ப மாட்டாங்கதானே?" என்று கேட்டாள். அப்புறம் பேச முடியாமல் போனை அப்பாவிடம் கொடுத்தாள். அவராலும் பேச முடியவில்லை. அன்று எங்கள் குடும்பத்தில் யார் வாயிலும் மணி அடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன்: "நீதான் ஏதோ பண்ணியிருக்கே. எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை."

"நானா? நான் யோசனையே சொல்லலையே. நீங்கதான் கேட்கமாட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்களே."

ஸ்ட்ராப்பைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. வேலையும் கிடைத்தது, ரகசியமும் தப்பியது. என்னைப் போல அதிர்ஷ்டக்காரன் உண்டா என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை வாசலில் 'டக்'. அவள் உள்ளே போனாள். தெருமுனை திரும்பியதும் என் கை தாடைக்குப் போனது.

பின்னால் ஹாரன் அலறியது. மாடி வண்டி பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"தம்பி, கையை இறக்கு."

"சார், நம்ம ஒப்பந்தம்..."

"அது போச்சு. அவங்க ரெண்டு பேரும் புதுசா ஒண்ணு போட்டிருக்காங்க. மொட்டை மாடியில துணி காயப்போடுற இடத்துலேர்ந்து இந்த முனை பளிச்சுனு தெரியுமாம். ரொம்ப நாளாப் பார்த்துட்டுத்தான் இருக்காங்க. என்ன பண்றதுன்னு தெரியாம இருந்திருக்காங்க. உன் ரீகால் வழி காட்டிடுச்சு. என் வண்டிக்கு மணி வச்சாச்சு. உன் ஸ்கூட்டருக்கு மணி கிடையாது."

"ஆமா, கிடையாது."

"அதனால நான்தான் உனக்கு மணி. மெயின் ரோடு வரைக்கும் பின்னாடியே வரணும். நீ கழட்டினா எனக்கு ராத்திரிச் சாப்பாடு இல்லை. போ, முன்னாடி போ."

போனேன். பின்னால் ஒரு டைல்ஸ் கடை முதலாளி எனக்காக ஹாரனில் கை வைத்தபடி வந்தார். அவ்வளவு பெரிய வண்டியின் பாதுகாப்பு எந்த ஸ்கூட்டர்காரனுக்கும் கிடைத்திருக்காது.

சாயங்காலம் ஹெல்மெட்டைக் கழற்றினேன். காலர் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. தாடைக்குக் கீழே ஸ்ட்ராப்பின் தடம். அவள் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு காலரை நிமிர்த்திவிட்டாள்.

"காலர் மடங்கினா நான் நிமித்திவிடுவேன். நீங்க மடங்கி விழுந்தா நான் என்ன பண்றது?"

எத்தனை பேர் சேர்ந்து என் ஒரு தலையைப் பார்த்துக்கொள்கிறார்கள். "இனிமே கவலை இல்லை. எல்லாம் சரியாயிடுச்சு. நான்தான் பர்மனென்ட் ஆயிட்டேனே," என்றேன்.

"கம்பெனிதான் அவசரப்பட்டு பர்மனென்ட் பண்ணிட்டாங்க," என்றாள் காலரைத் தட்டிவிட்டபடி. "நான் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கிறேன்."