கல்லறைப் புல்லும் சொத்துவரியும்

பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று, வாளித் தண்ணீர், இரண்டு பெரிய கைகள். அம்மாவின் பெயர் வெட்டிய கல்லில், எழுத்தெழுத்தாகப் படிந்த பாசியை அந்தக் கைகள் தேய்த்து எடுக்கின்றன. சிவப்பு ஜெரேனியப் பூத்தொட்டியை இப்படியும் அப்படியும் நகர்த்தி நட்டநடுவில் வைக்கின்றன. பார்த்தீர்களா? இவர்தான் கல்லறைப் பிரியர். அமெரிக்காவின் ஒஹாயோவில், டவுன்ஷிப் என்று சொல்லும் எங்கள் சிற்றூராட்சியில் இந்த இனத்துக்குப் பஞ்சமே கிடையாது. இப்போது குனிந்திருப்பவர் வெர்லின் ஷூக்.

கல்லறைப் பிரியருக்குப் புல் ஆகாது. மே மாதக் கடைசியில், போரில் இறந்தவர்களின் நினைவு நாளுக்குப் பூ வைக்க வந்தால், அந்த இடம் முழுவதற்கும் ஒற்றை ஆளாகப் புல் வெட்டும் டாரீனை நிறுத்தாமல் விடமாட்டார்.

"ஏம்மா டாரீன், எங்கம்மா தலைமாட்டுல ஒரு களை நிக்குதே?"

"உங்கம்மா ஒண்ணும் சொல்லலையே, வெர்லின்."

டாரீனின் சம்பளமும் மெஷினுக்குப் பெட்ரோலும் ஒரு சின்னச் சொத்துவரியிலிருந்து வருகின்றன. வரியின் காலம் முடிந்தால், தொடரலாமா என்று ஊர் வாக்களிக்க வேண்டும். அதற்கு முந்தின கூட்டத்தில் முதலில் எழுந்தவர் யார்? கொள்ளுத்தாத்தாவில் தொடங்கி, போர்களில் செத்தவர்களையெல்லாம் ஒரு சுற்றுக் கூப்பிட்டு, மூக்கைச் சிந்தி, "இதுக்குக்கூட இல்லேன்னா நாம மனுசங்களா?" என்று கேட்டு உட்கார்ந்தவர் யார்? கைதட்டல் அடங்க நேரமாயிற்று. டாரீனும் தட்டினாள்.

நவம்பரில், வாக்குச்சாவடியான சர்ச்சின் கீழ்த்தளத்தில், மறைப்புக்குள் வாக்குச்சீட்டும் வெர்லினுமாகத் தனித்திருந்தபோது கணக்கு வேறாக ஓடியது. இத்தனை பேர் தட்டினார்களே, எப்படியும் ஜெயித்துவிடும். நம் ஒரு ஓட்டு வரியைத் தடுக்கவா போகிறது? சும்மா வரி கேட்டுக்கொண்டே இருக்காதே என்று டவுன்ஷிப்புக்கு ஒரு சேதி சொல்லிவைத்தால் என்ன? 'எதிர்க்கிறேன்' வட்டத்தைக் கோடு தாண்டாமல் நிரப்பினார்.

கைதட்டியவர்களில் பாதிப்பேர் அதே சேதியைச் சொல்லியிருந்தார்கள். வரி தோற்றது. டாரீனுக்கு வேலை போயிற்று.

அடுத்த மே மாதம் தொட்டியோடு வந்தவர், இடுப்பளவு புல்லில் அம்மாவைத் தேடினார். டாரீன் வீட்டு மெஷினைத் தள்ளிவந்து, தன் கணவர் படுத்திருக்கும் இடத்தை மட்டும் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பாவிங்க இதுக்கு எதிரா ஓட்டுப் போட்டது?"

"தெரியலையே. நான் கேட்ட அத்தனை பேரும் ஆதரிச்சுத்தான் போட்டாங்களாம்."

"சரி, அப்படியே எங்கம்மா பக்கமும் கொஞ்சம் தள்ளிடேன்."

"மெஷின் தரேன். தள்ளுறது நீங்க."

வெர்லினுக்கு உடனே இடுப்பு பிடித்துக்கொண்டது.

இந்த நவம்பரில் வரி மறுபடி வாக்கெடுப்புக்கு வந்தது. ஜெயித்தால் டாரீனுக்கு அதே வேலை. இல்லாவிட்டால் வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான். கூட்டத்தில் அழாதவர் இல்லை. ஆகவே இம்முறை தோற்கவே தோற்காது என்பது வெர்லினுக்கு நிச்சயம். அந்த நிச்சயத்தோடுதான் மறைப்புக்குள் போனார்.

தேர்தல் நாளுக்குக் கிடைத்த கூலி வேலையாக, டாரீன் ஓட்டு எண்ணும் மெஷின் பக்கத்தில் நின்றாள்.

"போட்டாச்சா வெர்லின்?"

"பின்னே? உன்னை நினைச்சுக்கிட்டேதாம்மா போட்டேன்!" என்றபடி, சீட்டைக் குப்புறக் கவிழ்த்து மெஷினுக்குள் விட்டார்.

அவருக்கு அடுத்து, சீட்டை மார்போடு அணைத்து நிற்பது யார், நீங்களா? கூச்சப்படாதீர்கள். கொடுங்கள்.