மகளை மலையில் கைவிட்டது பற்றி மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். நலமில்லாதது வரவேற்பறை விளக்கு ஒன்றுதான், அதன் கதை கீழே வருகிறது. அங்கே நீங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் மனைவி என்னை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பாள். மாமனாருக்கு மிச்சமிருக்கிற கொஞ்சநஞ்ச மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கடிதம்.

கண்ணில் மாட்டிக்கொள்ளும் அந்த விளையாட்டுப் பெட்டியை அனுப்பிவைத்து, "கூட இருக்கிற கைப்பிடியே போதுமா, இல்ல கையுறையா, நின்ன இடத்துலயே நடக்கிற மேடையா, எது சரிப்படும்னு பார்த்துச் சொல்லுங்க மாமா, வாங்கி அனுப்புறேன்" என்று கேட்டிருந்தீர்கள். "முப்பது வருஷம் துறைமுகத்துல கிரேன் ஓட்டினவன்கிட்டயா இதைக் கேக்குறீங்க?" என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் இங்கேயும் மகள் அங்கேயும் ஆளுக்கொரு பெட்டியை மாட்டிக்கொண்டு, அதற்குள் சந்தித்து மலை ஏறுகிறோம். இரண்டு பேருக்கும் ஒரே கயிறு. ஒருவர் பிடியை விட்டால் இரண்டு பேரும் பள்ளத்தில். முதலில் வெறுங்கையால் ஏறிப் பார்த்தேன். பெட்டியில் இருக்கிற கேமரா நம் கையைப் பார்த்துக்கொண்டே இருக்குமாம். விரலை மடக்கினால் பாறையைப் பிடித்ததாக அர்த்தம், விரித்தால் விட்டதாக அர்த்தம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் எனக்குக் கையை ஆட்டாமல் பேச வராது. பாதி மலையில் தொங்கிக்கொண்டே, "ஏம்மா, மாப்பிள்ளைக்கு வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டேன். 'எப்படி'க்கு இரண்டு கையும் விரிந்துவிட்டது. உங்கள் வேலை எப்படிப் போகிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சரி, கண்ணால் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறினேன். எதைப் பார்க்கிறோமோ அங்கே கை போகும். ஏறுகிறவன் மேலே பார்க்க வேண்டும். நானோ பயத்தில் கீழே பள்ளத்தையே பார்த்தேன், பெட்டியும் மறுபேச்சில்லாமல் அங்கேயே அழைத்துப் போயிற்று.

பிறகுதான் பெட்டியோடு வந்த கைப்பிடிகளை எடுத்தேன். நடுவிரலுக்கடியில் ஒரு பொத்தான். அழுத்திக்கொண்டே இருந்தால் பிடி, விரலை எடுத்தால் போச்சு. கிரேனில் அப்படியே நேர்மாறு மாப்பிள்ளை. ஆபத்து என்றால் லீவரைச் சட்டென்று விட்டுவிட வேண்டும். அது தானாக நடுவுக்கு வந்துவிடும், சரக்கு அந்தரத்தில் அப்படியே நிற்கும். மலையில் ஒரு கல் உருண்டு வந்தது. 'ஆபத்து' என்றது மூளை. விட்டேன். ஒரு சிமெண்டு மூட்டையைக்கூடத் தவறவிடாதவன், பெற்ற மகளை வாராவாரம் கீழே போடுகிறேன். விழும்போது கயிற்றைப் பிடிக்க எம்பினேன் பாருங்கள், அதில்தான் விளக்கு போனது. சத்தம் கேட்டு உங்கள் அத்தை ஓடிவந்து, "யாரு விழுந்தா?" என்றாள். "நாங்க ரெண்டு பேரும்" என்றேன். "ஐயோ, அவ எப்ப வந்தா?" என்று பதறிப்போய் அறை முழுக்கத் தேடினாள்.

விழும்போதெல்லாம் "என் தப்புதாம்மா" என்பேன். அவளும் "பரவால்லப்பா" என்பாள். போன ஞாயிறு மட்டும், "அப்பா, மலை வேணாம். மீன் பிடிக்கிற ஆட்டத்துக்குப் போயிடலாமா? அதுல யாரும் யாரையும் பிடிச்சுக்க வேண்டியதில்ல" என்றாள். சரிம்மா என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கழற்றி வைத்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சிரிக்காதீர்கள் மாப்பிள்ளை, வாரத்தில் ஒரு நாள்தான் அவள் எனக்குக் கிடைக்கிறாள்.

நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்காமல், உங்கள் அத்தை பெட்டியை வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே எதையெதையோ துழாவினாள். "இதோ எழுதியிருக்கே. ஒரு தடவை அமுக்கினா பிடிக்கும், மறுபடி அமுக்கினாத்தான் விடும்னு மாத்திக்கலாமாம். இதைக்கூடப் படிக்காம என்னத்தைக் கிரேன் ஓட்டினீங்க?" என்றாள். கண்ணாடி போடவில்லை என்று சொல்லிவைத்தேன். போட்டிருந்தேன்.

ஆகவே என் முடிவு: கையுறை வேண்டாம், மேடை வேண்டாம், கைப்பிடியே போதும். மணிக்கட்டோடு இறுக்கிக் கட்டிக்கொள்ள நல்ல பட்டையாக ஒன்று மட்டும் அனுப்புங்கள். இனி உங்கள் மனைவியைக் கீழே போடமாட்டேன் என்று உறுதியளிக்கிறேன்.

இருவரும் சகல நலங்களோடும், உயரமான இடங்களில் என்னை நம்பாமலும், நீண்ட நாள் வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது மகளே கூப்பிட்டாள். பொத்தானை மாற்றிவைத்ததைப் பெருமையாகச் சொன்னேன். "அப்பா, கைப்பிடிக்கு மாறினப்புறம் நீங்க ஒரு தடவைதான் விட்டீங்க, அந்தக் கல்லு வந்தப்போ. மத்ததெல்லாம் நான்தான். நான் இன்னும் வெறுங்கையிலதானே ஏறுறேன், பக்கத்துல காபி ஆறிடுமேன்னு கப்பை எடுக்கப் போவேன், ரெண்டு பேரும் விழுவோம். நீங்க முந்திக்கிட்டு 'என் தப்புதாம்மா'ன்னுடுவீங்க. கேக்கவே நல்லாருக்கும், அதான் சொல்லல. மீன் பிடிக்க ஒரு கை போதுமேன்னுதான் அதைக் கேட்டேன்" என்றாள். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். எனக்கு எதுவும் வேண்டாம். சூடு ஆறாத பிளாஸ்க் ஒன்று, உறிஞ்சுகுழலோடு, அவளுக்கு வாங்கிக் கொடுங்கள். வருகிற ஞாயிறு மலைதான்.