பெரிய மாப்பிள்ளை கொடுத்த கரி அடுப்பு

ஜூன் 9, செவ்வாய். இன்றைய சிறு தவறு: வீட்டில் கோழி சுட கேஸ் பார்பிக்யூ அடுப்பு நல்லதா, கரி பார்பிக்யூ நல்லதா என்று மாமனார் போனில் கேட்டார். இரண்டுமே நல்லதுதான் என்று சொல்லிவிட்டேன்.

தினமும் ஒரு தவறையும் மறுநாள் வேலையையும் நோட்டில் எழுதி வரும்படி, இளைய மாப்பிள்ளை போய்வரும் மாலை வகுப்பின் ஆசிரியர் சொல்லியிருந்தார். அவனுக்குத் தவறுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் 'சிறு' என்று எழுதியது சரிதானா என்று அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. ஏனென்றால் மாமனார் போனை வைக்கும்முன் சொன்னது இது:

"பெரிய மாப்பிள்ளையா இருந்தா டக்குனு ஒண்ணைச் சொல்லியிருப்பாரு. ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் வர்றோம். எதுல சுடுறீங்கன்னு பாக்குறேன்."

கல்யாணமாகி நான்கு வருடம். 'பரவாயில்லை' என்ற வார்த்தைகூட மாமனார் வாயிலிருந்து அவனுக்காக உதிர்ந்ததில்லை. இரண்டு வருடமாக மூத்த மகள் வீட்டிலேயே இருப்பவர் அவர். பெரிய மாப்பிள்ளை நடந்தால் அழகு, தும்மினால் அதைவிட அழகு. இந்த ஞாயிற்றுக்கிழமையாவது மாமனார் வாயால் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று இளையவன் கங்கணம் கட்டிக்கொண்டான்.

கட்டட வரைபடம் போடுவது அவன் வேலை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒரு பட்டியல் தயாரித்தான். சூடேறும் நேரம், மணம், சாம்பல், மழை வந்தால் என்ன, மனைவி கோபித்தால் என்ன என்று பதினான்கு வரிகள். மதிப்பெண்ணைக் கூட்டினால் இரண்டும் சமம். தன் கணக்கில் நம்பிக்கை இல்லாமல் மறுபடி கூட்டினான். அப்போதும் சமம்.

மனைவியிடம் கேட்டான். "கேஸ்தான். திருகினா எரியணும், திருகினா அணையணும். உங்களை மாதிரி நாள் பூரா புகைஞ்சுக்கிட்டு இருக்கக் கூடாது" என்றாள்.

அன்று மாலையே பெரிய மாப்பிள்ளை போன் செய்தார். "கரிதான் தம்பி. மாமாவுக்கு அந்தப் புகை வாசம்னா உயிரு. நீங்க வாங்கவே வேணாம். நம்மளுது சும்மாதான் கிடக்கு, கொண்டாந்து தர்றேன்."

இளையவனுக்கு மூக்கில் வேர்த்தது. அவர் மட்டும் போன மாதம் கேஸுக்கு மாறிவிட்டு, தனக்கு ஏன் கரியைத் தள்ளிவிடுகிறார்? கவிழ்க்கத்தான். மறுநாளே ஒரு கடையில் கேஸ் பார்பிக்யூவை வாடகைக்கு எடுத்து வந்தான்.

அவன் அதை மொட்டை மாடிக்கு ஏற்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, பெரிய மாப்பிள்ளை கரி அடுப்போடு வந்து நின்றார். கூடவே இரண்டு மூட்டை கரி, நீள இடுக்கி, ஒரு விசிறி. கேஸ் அடுப்பைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று. பிறகு தேறி, கரியை ஒரு பக்கமாகக் குவிப்பது எப்படி, மூடியின் துளையை எவ்வளவு திறப்பது என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்திவிட்டுப் போனார். இவ்வளவு அன்பாக ஒருவர் கவிழ்ப்பாரா என்று இளையவன் குழம்பிப்போனான்.

வியாழக்கிழமை கேஸில் ஒத்திகை. கோழித் துண்டு வெந்தது. ஆனால் காய்ச்சல்காரருக்குக் கொடுப்பதுபோல் வெளுத்துக் கிடந்தது. புகை வாசத்துக்காக ஒரு தகர டப்பாவில் மரச்சீவலைப் போட்டு உள்ளே வைத்தான். வாசம் வந்தது, கோழிக்கு அல்ல, கொடியில் காய்ந்த துணிகளுக்கு. மறுநாள் மனைவி அலுவலகத்தில் நுழைந்ததும் யாரோ ஃபயர் அலாரத்தைச் சரிபார்த்தார்களாம்.

சனிக்கிழமை கரியில் ஒத்திகை. கரி பற்றவே இல்லை. விசிறி போதாதென்று மனைவியின் ஹேர் டிரையரை எடுத்து ஊதினான். கரி நன்றாகப் பற்றியது. சாம்பல் பக்கத்து மாடிக்குப் போய், அங்கே யோகாசனம் செய்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற நீதிபதியின் மேல் இறங்கியது. அவர் கண்ணைத் திறக்காமலேயே, "தம்பி, நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்" என்றார்.

ஞாயிறு வந்தபோதும் முடிவு வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் பற்றவைத்தான். விருந்தாளிகள் நாற்காலியில் உட்காரவும் கேஸ் தீரவும் சரியாக இருந்தது. பாதி வெந்த கோழி, சோளம், காளான் எல்லாவற்றையும் வாரிக் கரி அடுப்பில் கொட்டினான். கொழுப்பு சொட்டியது, தீ ஆளுயரம் எழுந்தது. மூடியைப் போட்டான், துளையைத் திறக்க மறந்தான். பெரிய மாப்பிள்ளை பாய்ந்து வந்து, "தொளை தம்பி, தொளை" என்று கெஞ்சி, அவரே திறந்துவிட்டார்.

தட்டில் வந்து விழுந்ததில் எது கோழி, எது காளான் என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மாமனார் ஒரு துண்டைக் கடித்தார். மென்றார். இளையவன் தண்ணீர்ச் செம்பை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"கரியா?"

"ஆமா மாமா. கொஞ்சம் தீஞ்சிருச்சு."

"இன்னொண்ணு வைங்க."

ஏழு துண்டுகள் உள்ளே போயின. பிறகு மாமனார் விரலை வழித்துக்கொண்டே சொன்னார்: "நாலு வருஷமா உங்களைத் தப்பா எடை போட்டுட்டேன் மாப்பிள்ளை. அந்த வீட்டுல ஒரு மாசமா கேஸு. வாயில வைக்க முடியல. மனுஷன் இருந்தா இப்படி ஒரு வீட்டுலதான் இருக்கணும்."

இளையவன் தரையில் இல்லை. பெரிய மாப்பிள்ளை கண் கலங்க எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். இந்த நல்ல மனிதரையா சந்தேகப்பட்டோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவரோ கட்டிக்கொண்டபடியே யாருக்கோ போன் செய்து, "மேல வாப்பா" என்றார்.

சரக்கு வேன் ஓட்டுநர் ஒருவர் தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி படியேறி வந்து மாமனார் பக்கம் கை நீட்டினார். "பெரியவரோட கட்டில், பீரோ, மேசை எல்லாம் கீழ வண்டியில இருக்கு. எந்த ரூம்ல இறக்கணும் சார்?"

"இதெல்லாம் யாரு எப்ப ஏற்பாடு பண்ணுனது?" என்றான் இளையவன்.

ஓட்டுநர் பெரிய மாப்பிள்ளையைக் காட்டினார். "சார்தான். போன மாசம் அவருக்கு கேஸ் அடுப்பை ஏத்திட்டுப் போனதும் நான்தான். அதை இறக்குறப்பவே இந்தச் சவாரியையும் பேசிட்டாரு."

ஜூன் 14, ஞாயிறு. நாளைக்குச் செய்ய வேண்டியது: அரை நாள் விடுப்பு எடுத்து, கேஸ் பார்பிக்யூ ஒன்று சொந்தமாக வாங்க வேண்டும்.