பூவை முகர், விளக்கை ஊது

பள்ளியை எட்டாம் வகுப்போடு துறந்து, எஞ்சிய கல்வியைத் தானே தேடிக்கொண்டவனுக்கு ஒரு தனி நோய் வருவதுண்டு. பிறர் எழுதிய எதையும் திருத்தாமல் அவனால் இருக்க இயலாது. கடைப் பலகையானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் அவன் கை துறுதுறுக்கும். அந்நோய் எனக்கு முற்றியிருந்தது என்பதை, ஒரு சாவு வீட்டில், தெருவே திரண்டு நின்று பார்க்க, நான் அறிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கன்னடத் தலைநகரின் ஸ்ரீராம்புரத்தில் குடியிருந்தேன்; பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் பொருத்துநராகப் பணியாற்றினேன். (ஃபிட்டர் என்றால்தான் என் மனைவிக்கே விளங்கும்.) என் மகள் தேன்மொழிக்கு அப்போது நான்கு வயது. அழத் தொடங்கினாளானால் உள்ளே போன மூச்சு வெளியே வர மறந்துவிடும். உதடு நீலம் பாரிக்கும். எங்களுக்கு உயிர் போய் உயிர் வரும். மனைவி கமலா கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போனபடியால், பகலெல்லாம் குழந்தையை வளர்த்தவர்கள் அடுத்த சந்தில் இருந்த கமலாவின் அக்கா சரோஜாவும், அவர் கணவர் கோவிந்தராஜும். லாரி ஓட்டுநரான அவருக்கும் சரோஜாவுக்கும் பிள்ளை இல்லை. ஆகவே என் மகள் அவர்களுக்கும் மகளாயிருந்தாள்.

ஒருநாள் தொழிற்சாலை வாசலில் போண்டா மடித்துத் தந்த வார இதழ்த் தாளில் ஒரு மருத்துவக் குறிப்பைக் கண்டேன். குழந்தை தேம்பும்போது, கற்பனையாக ஒரு பூவை முகரச் சொல்ல வேண்டும். பிறகு கற்பனையாக ஒரு மெழுகுவத்தியை ஊதச் சொல்ல வேண்டும். மூச்சு தானே சீராகும் என்றிருந்தது. எண்ணெய்க் கறையின் ஊடே அதைப் படித்ததும் என் கை துறுதுறுத்தது. மெழுகுவத்தியாவது! நம் பண்பாட்டுக்கு அது அன்னியமல்லவா? 'விளக்கு' என்று திருத்தினேன். மூடிய இடக்கை பூ. நிமிர்த்திய வலக்கைச் சுட்டுவிரல் விளக்கு. பயிற்சி அன்றே தொடங்கிற்று.

கமலா தடுத்தாள். "விளக்க அணைக்கிறதுன்னு சொல்லவே நாக்கு கூசுற குடும்பம் எங்களுது. வாயால ஊதச் சொல்லித் தர்றீங்களே, நல்லா இருக்கா?"

"இது விஞ்ஞானம், கமலா" என்றேன்.

(என்னவோ நானே கண்டுபிடித்த மாதிரி!)

விஞ்ஞானம் பலித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் விரலை நிமிர்த்தினால் போதும், எவ்வளவு அழுகையிலும் குழந்தை ஊதுவாள். ஆயினும் என்னைவிட அவ்விளையாட்டில் கோவிந்தராஜே சிறந்து விளங்கினார். அவர் விரலை நீட்டுவதில்லை, ஆளே விளக்காகிவிடுவார். குழந்தை ஊதியதும் அந்தப் பெரிய உடம்பு பாயில் சரிந்து, கண் மூடிக் கிடக்கும். "எழுந்துக்கோ பெரிப்பா!" என்று அவள் கத்தினால் விருட்டென எழுவார். குழந்தை சிரித்துச் சிரித்தே மூச்சை மீட்டுக்கொள்வாள்.

"அண்ணே, பயிற்சியில் ஓர் ஒழுங்கு வேண்டும்" என்று நான் கண்டித்ததுண்டு.

"ஒழுங்க நீயே வச்சுக்கோ சாமி. எனக்குப் புள்ள சிரிச்சா போதும்."

அந்த மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி கேட்டார். காபி வருமுன் போய்விட்டார்.

நடுக்கூடத்தில் கிடத்தினோம். தலைமாட்டில் விளக்கு ஏற்றப்பட்டது. உடல் புறப்படும்வரை அது அணையலாகாது என்பதால், எண்ணெய் ஊற்றிக் காவலிருக்கும் பொறுப்பை அவருடைய தமக்கை பட்டம்மாள் ஏற்றார். ஆம்பூரிலிருந்து வந்திறங்கிய அவ்வம்மையாரைக் கண்டால் அந்த வீட்டில் ஆண்களும் குரலைத் தாழ்த்துவர். சரோஜாவோ அழவில்லை. சுவரில் சாய்ந்து, கல்லாய்ச் சமைந்திருந்தார். "அழுதுடு அக்கா, நெஞ்சு அடைச்சிடும்" என்று கமலா உலுக்கியும் பயனில்லை.

நண்பகலில் சந்தில் மேளம் முழங்கிற்று. உள்ளே பெண்கள் ஒருசேரக் குரலெடுத்தனர். பெரியப்பாவின் தலைமாட்டருகே நின்றிருந்த என் மகள் மிரண்டாள். வாய் திறந்தது, ஒலி வரவில்லை, உதடு நீலமாயிற்று.

வாசலில் ஆண்களிடையே நின்ற நான் அதைக் கண்டேன். உள்ளே நுழைய வழியில்லை. ஆகவே மேளத்தையும் மிஞ்சும் குரலில் ஆணையிட்டேன்: "பாப்பா! பூவ மோந்து பாரு! விளக்க ஊது!"

வீட்டில் பூவும் கற்பனை, விளக்கும் கற்பனை. அங்கோ இரண்டும் எதிரிலேயே இருந்தன. குழந்தை கீழ்ப்படிதலுள்ளவள். இறந்தவர் மார்பிலிருந்த சம்பங்கி மாலையில் முகத்தைப் புதைத்து ஆழ முகர்ந்தாள். நிமிர்ந்தாள். திரும்பி, தலைமாட்டு விளக்கை, முழு மூச்சையும் திரட்டி ஊதினாள்.

விளக்கு அணைந்தது. உதட்டில் நிறம் திரும்பியது. (பயிற்சி வெற்றி!) ஒப்பாரி பாதியில் நின்றது, எட்டிப் பார்த்த மேளக்காரர் கையும் நின்றது. அந்த நிசப்தத்தில் குழந்தை பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"ஊதிட்டேன் பெரிப்பா. எழுந்துக்கோ."

அவர் எழவில்லை.

"எழுந்துக்கோ" என்றாள், இன்னும் சற்று உரக்க.

பட்டம்மாள்தான் முதலில் வாய் திறந்தார். "யாருடி இந்தப் புள்ளய உள்ள வுட்டது? எந்தம்பி தலமாட்டு வெளக்கயா ஊதுற? இனிமே இது இந்த வாசப்படி ஏறக்கூடாது. சொல்லிட்டேன்!"

"ஹோக்லி அக்கா, சிக்க மகு" என்றார் பக்கத்து வீட்டுச் சாந்தம்மா. (போகட்டும், சின்னக் குழந்தை என்று கன்னடத்தில் பரிந்துரை.)

"சின்னது இல்ல, பீடை!"

அச்சொல் விழுந்ததும் கமலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேற எழுந்தாள். நானோ, என் விஞ்ஞானத்தை விளக்க ஒரு முழு வாக்கியத்தை மனத்துள் கட்டிக்கொண்டிருந்தேன். அது இன்றுவரை கட்டி முடிந்தபாடில்லை.

அப்போது சுவரோரத்திலிருந்து சரோஜாவின் குரல் வந்தது. அன்று அவர் பேசிய முதல் பேச்சு அது.

"அவள எங்க தூக்கினு போற? கீழ வுடு." பிறகு பட்டம்மாளை நோக்கி, "அண்ணி, அவரும் போயிட்டாரு. இவளையும் வரக்கூடாதுன்னா நா யார் மூஞ்சியப் பாத்துனு இந்த வூட்ல இருக்கிறது? அணைச்சவளே ஏத்தட்டும்."

பட்டம்மாள் தீப்பெட்டியைத் தரவில்லை. சரோஜாவே எழுந்து வந்து தீக்குச்சி கிழித்து, குழந்தையின் கையைத் தம் கைக்குள் வைத்துத் திரியில் ஏற்றினார். சுடர் நின்றது. வீடு மூச்சு விட்டது.

குழந்தை என்னைப் பார்த்தாள். இனி ஒருமுறை நேர்ந்துவிடலாகாதே என்ற பதற்றத்தில், 'வேண்டாம்' என்று எச்சரிக்க நான் வலக்கைச் சுட்டுவிரலை நிமிர்த்தினேன்.

ஆம். நிமிர்த்தினேன்.

அவள் குனிந்து ஊதினாள்.

புகை மேலெழுந்தது. பின் எங்கிருந்தோ விக்கல்போல் ஓர் ஒலி எழுந்தது; சரோஜா சிரித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தரையில் சரிந்து சிரித்தார். "பாருய்யா... பாரு... ரெண்டு தபா ஊதிட்டா... எழுந்திரேன்யா" என்று கணவரின் தோளை உலுக்கினார். சிரிப்பு எவ்விடத்தில் அழுகையாயிற்று என்று எவராலும் சொல்ல இயலாது. குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு, காலையிலிருந்து அழாததையெல்லாம் அழுது தீர்த்தார். பட்டம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கிற்று. அது எதனால் என்று விசாரிக்க எனக்கு இன்றுவரை துணிவில்லை.

சற்றுப் பொறுத்து அவரே விளக்கை ஏற்றினார். ஏற்றியபின் என்னை நோக்கி, "தம்பி, அந்தக் கையப் பாக்கெட்ல போடு" என்றார். உடல் புறப்படும்வரை அங்கேயே வைத்திருந்தேன்.

வாசற்படித் தடையைப் பற்றி அதன்பின் ஒருவரும் பேசவில்லை. தேன்மொழி அந்த வீட்டிலேயே வளர்ந்தாள். இன்று நகரின் தென்கோடியில், ஹெப்பகோடியில் வேலை, கல்யாணம், குடித்தனம். ஆனால் எங்கள் குடும்பத்தில் கரண்ட் போனால் எவரும் மின்சார அலுவலகத்தை நொந்துகொள்வதில்லை. இருட்டில் சரோஜாவின் குரல்தான் முதலில் கேட்கும்: "பாப்பா எங்க இருக்கா, போன் போட்டுக் கேளு!" பட்டம்மாளுக்குக் கண் மங்கிவிட்டது; ஆயினும் சென்ற மழைக்காலத்தில் ஆம்பூரிலிருந்து அவரே அழைத்து, நலம்கூட விசாரியாமல், அதட்டினார்:

"தம்பி, உன் பொண்ணாண்ட சொல்லி வையி. அங்க ஊதறா, இங்க எங்க தெரு பூரா இருட்டு!"